மழைக்காட்டுப் பறவையை அடையாளம் காண்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

மழைக்காட்டில் பறவை பார்க்கப் போனால் முதலில் நம்மைக் கைவிடுவது நிறம்தான். மர உச்சியில் விழும் வெளிச்சத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான் தரைக்கு வந்து சேரும். அதுவும் இலைகளில் வடிகட்டிப் பச்சையாக வரும். புதருக்குள் இருக்கும் செம்பழுப்புப் பறவை வெறும் பழுப்பாகிவிடும். உச்சிக் கிளையில் இருப்பதோ வெளிறிய வானத்தின் முன்னால் கருநிழல்.

ஹம்மிங்பேர்ட் இன்னும் மோசம். அதன் தொண்டைப் பளபளப்பு நிறமியால் வருவதில்லை. இறகிழைகளுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மெலனின் தட்டுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருகிறது. கோணம் சற்று மாறினாலும் அந்தப் பளபளப்பு மறைந்து கறுப்பாகிவிடும்.

தென் அமெரிக்க ஆற்றோரங்களில் மஞ்சள் வயிறும் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட தலையுமாகப் பல ஈபிடிப்பான்கள் உண்டு. அவற்றில் ஒன்றான பெரிய கிஸ்கடிக்கு இறக்கை ஓரம் செம்பழுப்பு. ஆனால் அது தெரிய நல்ல வெளிச்சம் வேண்டும். அதைவிட அலகைப் பார்ப்பது நல்லது. அதைப் போலவே இருக்கும் படகலகு ஈபிடிப்பானுக்கு அலகு தடித்து அகன்று, மேல் விளிம்பு வளைந்திருக்கும். அதுவும் பிடிபடவில்லையா? சரி, வாயைத் திறக்கும்வரை காத்திருங்கள். "கிஸ்-கா-டீ" என்று கத்தினால் சந்தேகமே வேண்டாம். படகலகு மூக்கால் இழுத்துக் கரகரக்கும்.

குரலை இவ்வளவு நம்பலாமா? இந்தக் கூட்டத்தில் நம்பலாம். சிலம்பன், கொண்டைக்குருவி போன்றவை மற்ற பறவைகளைக் கேட்டுத்தான் பாடக் கற்கின்றன. அதனால் ஊருக்கு ஊர் பாட்டு மாறும். அமெரிக்க ஈபிடிப்பான்கள், அதே காடுகளின் எறும்புப் பறவைகள் (antbirds) எல்லாம் வேறு பரிணாமக் கிளை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பாட்டு பிறவியிலேயே வருகிறது, ஓர் இனத்துக்குள் அதிகம் மாறுவதில்லை. எறும்புப் பறவைகளை இனம் பிரிக்கக் குரலையே அளவுகோலாக வைக்கும் முறையை 1998-ல் பறவை ஆய்வாளர்களான இஸ்லர் தம்பதியும் விட்னியும் முன்வைத்தார்கள்.

காடும் குரலைச் செதுக்குகிறது. கீச்சென்ற ஒலி இலைகளில் பட்டுச் சிதறும். தாழ்ந்த, சுத்தமான சீழ்க்கை தூரம் போகும். காட்டுக்குள் வாழும் பறவைகள் அப்படிப்பட்ட ஒலிகளையே அதிகம் பயன்படுத்துவதை 1975-ல் பறவை ஆய்வாளர் யூஜீன் மார்ட்டன் பனாமாவில் காட்டினார். தொல்லை என்னவென்றால், இழுத்து ஊதும் சீழ்க்கை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது.

ஆசியக் காடுகளுக்கு வந்தால் இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் திரியும் துடுப்புவால் கரிச்சான், மற்ற பறவைகளின் குரலை அச்சு அசலாக எடுத்துவிடும். ஒரே மரத்தில் நாலைந்து பறவைகள் கேட்கின்றனவா? முதலில் கரிச்சானின் நீண்ட வால் துடுப்புகளைத் தேடுங்கள். இறகுதிர் காலமென்றால் துடுப்பு இருக்காது, அப்போது நெற்றிக் கொண்டையைப் பார்க்கலாம். இளம் பறவையென்றால் அதுவும் இல்லாமல் போகலாம்.