பாட்டனார் நிலத்தைப் பழைய படங்களில் தேடுவோர் கவனத்திற்கு

நில அளவைப் பணி காரணமாக என்னைத் தேடி வருவோரில், விற்கவோ வாங்கவோ எண்ணமின்றி, தம் முன்னோர் குடியிருந்த இடம் எது என்று அறிய மட்டுமே வருகிறவர்களும் உண்டு. பாட்டி சொன்ன விளைப் பெயரைக் கைப்பேசியில் கூகுள் வரைபடத்தில் தட்டிப் பார்த்துச் சோர்ந்த பிறகே பலரும் வருகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் 'விளை' என்று முடியும் பெயர் ஊருக்கும் உண்டு, ஒரு தனிப் புரையிடத்துக்கும் (வீட்டு மனைக்கும்) உண்டு. பின்னது பெரும்பாலும் பத்திரத்தில்தான் இருக்குமே தவிர வரைபடத்தில் ஏறியிராது. ஆகவே தேடலை வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய ஆதாரத்திலிருந்து, அதாவது நிலப் பத்திரத்திலிருந்து, தொடங்குவதே முறை.

1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணையும்வரை இப்பகுதி திருவிதாங்கூரின் நிர்வாக மரபில் இருந்ததால், அந்த ஆதாரம் மலையாளத்திலும், தேதி கொல்லம் ஆண்டிலும் (மலையாள ஆண்டுக் கணக்கு) இருக்கக்கூடும். 1095 என்றிருந்தால் அது 1919-20. அதில் தாலுகா, பகுதி (அன்றைய வருவாய்க் கிராமம்), பழைய சர்வே எண், நான்கெல்லை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இரணியல் ஒருகாலத்தில் தனித் தாலுகாவாக இருந்தது; திருவட்டாறும் கிள்ளியூரும் அண்மையில் உருவானவை. தாலுகாப் பெயர் பொருந்தவில்லையே என்று ஆதாரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். பழைய எண்ணுக்கு நேரான மறு நில அளவை எண்ணை வட்ட அலுவலகத்தில் கேட்டறிந்தால், அதற்குரிய புலப்படத்தை (நிலத்தின் எல்லைக் கோடுகளைக் காட்டும் அளவை வரைபடம்) அரசின் இணையவழிச் சேவையிலேயே பார்க்கலாம்.

புலப்படம் கோடுகளை மட்டுமே காட்டும். நிலம் அன்று எப்படிக் கிடந்தது என்பதைக் காண, அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்களைப் போல உதவுவது வேறில்லை. 1995-இல் இரகசியக் காப்பு நீக்கப்பட்ட இவை, அந்நாட்டுப் புவியியல் அளவைத் துறையின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் உள்ளன. முன்பே ஸ்கேன் செய்யப்பட்டவை இலவசம், மற்றவற்றுக்குக் கட்டணம். இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் மேகம் மறைத்த படங்களே மிகுதி என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்தவற்றை முதலில் பாருங்கள். மிகத் தெளிவான படங்களில்கூட ஏறக்குறைய இரண்டு மீட்டருக்குக் குறைந்தது தெரியாது. ஓட்டு வீட்டைத் தேடாமல் குளக்கரை, கால்வாய், வயலின் ஓரம் ஆகியவற்றைத் தேட வேண்டும். கல்குளம் வட்டத்தில் ஒரு குடும்பத்தின் ஆதாரம் 'வடக்கே குளம்' என்றது. இன்றைய படத்தில் அங்கே வரிசையாக வீடுகள். அறுபதுகளின் படத்தில் வளைந்த குளக்கரை தெரிந்த பிறகுதான் நான்கெல்லையும் பொருந்தியது. இப்படங்கள் ஓரங்களில் இழுபட்டிருக்கும் ஆகையால், கோயில் தெப்பக்குளம், பழைய பாலம் போன்ற மாறாத புள்ளிகளோடு பொருத்தியே படிக்க வேண்டும்.

தேதியில்லாத வரைபடம் கையில் கிடைத்தால், 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையும், 1979-இல் திறந்த திருவனந்தபுரம்–நாகர்கோவில் இரயில் பாதையும் அதில் உள்ளனவா என்று பாருங்கள். கடற்கரைக் குடும்பத்தினர், 2004 சுனாமிக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கணினியில் இயங்கும் கூகுள் எர்த் ப்ரோவில் தேடிப் பார்ப்பது நல்லது.

இவற்றைக் கொண்டு எல்லைத் தகராறு தொடங்க முயல்வோரையும் கண்டிருக்கிறேன். இழுபட்ட ஒரு படத்தின்மீது இன்றைய புலப்படத்தை வைத்து, பக்கத்து வீட்டார் ஐந்தடி உள்ளே வந்துவிட்டார் என்று சொல்லவே முடியாது; அதற்குக் கருவியோடு நிலத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும்.