சுகாதாரமா, சிகிச்சையா?

‘வெளிநோயாளர் சுகாதாரப் பராமரிப்பு வெளிப்பாடு தொடர்பான இதய வால்வு தொற்று.’ மொழிபெயர்த்த மருத்துவக் குறிப்புகளில் இந்தத் தொடரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஒவ்வொரு சொல்லும் தெரிந்ததுதான், சேர்த்துப் படித்தால் ஒன்றும் புரியாது.

நோயின் பெயர் எண்டோகார்டைட்டிஸ். கிரேக்கத்தில் ‘எண்டோன்’ உள்ளே, ‘கார்டியா’ இதயம், ‘இட்டிஸ்’ அழற்சி. ஆக, இதய உள்ளுறை அழற்சி. ரத்தத்தில் புகுந்த கிருமி பெரும்பாலும் வால்வில்தான் ஒட்டிக்கொள்ளும். வால்வுக்கு ‘அடைப்பிதழ்’ என்ற நல்ல சொல் உண்டு. ஆனாலும் நோயாளிக்குத் தெரிந்தது வால்வுதான், அது இருக்கட்டும்.

சிக்கல் அடைமொழியில். மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் தொற்றை மருத்துவமனைத் தொற்று என்பது பழைய கணக்கு. டயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரம் மூன்று முறை வந்து அன்றே வீடு திரும்புகிறார். கழுத்து ரத்த நாளத்தில் செருகிய குழாய் வழியே ஸ்டேஃபிலோகாக்கஸ் என்ற கிருமி ஏறினால் அவரை எதில் சேர்ப்பது? படுக்கையில் சேராமலே சிகிச்சையால் தொற்று வாங்கியவர் அவர். 2009-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், சொந்த வால்வில் (செயற்கை வால்வில் அல்ல) சிகிச்சைத் தொடர்பால் தொற்று வந்தவர்களில் 46 விழுக்காட்டினர் இப்படி மருத்துவமனைக்கு வெளியே பெற்றவர்கள்.

ஆங்கிலத்தில் இதை ‘ஹெல்த்கேர்’ தொடர்பான தொற்று என்பார்கள். அதற்குப் போய் ‘சுகாதாரப் பராமரிப்பு’ என்கிறார்கள். தமிழில் சுகாதாரம் என்றால் சுத்தம். சுகாதாரமற்ற உணவு என்கிறோம். ஊர்ப்புறத்தில் சுகாதார வளாகம் என்றால் கழிப்பறை. துறைப் பெயரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு, சரி. நோயின் பெயரில் அது வந்தால், வீட்டைச் சுத்தமாக வைக்காததால் வந்த தொற்று என்றுதான் படிப்பவர் நினைப்பார். டயாலிசிஸ் குழாய் கண்ணிலேயே படாது. தமிழ்நாட்டு அரசே துறைக்கு ‘மக்கள் நல்வாழ்வு’ என்று பெயர் வைத்த பிறகும் மொழிபெயர்ப்பாளர்கள் சுகாதாரத்தை விடுவதாயில்லை.

அப்புறம் ‘வெளிப்பாடு’, ஆங்கில ‘எக்ஸ்போஷர்’ என்பதன் பெயர்ப்பு. உணர்ச்சிக்கு வெளிப்பாடு உண்டு, கலைக்கு உண்டு. நோயாளி சிகிச்சைக்கு வெளிப்படுவதில்லை, உட்படுகிறார். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டில்லை. வெளிநோயாளர், புறநோயாளி இரண்டில் எதுவும் எனக்குச் சம்மதமே. முன்னது இலங்கையில் புழங்குவது, பின்னது இங்கே.

என் சொல் ‘சிகிச்சைவழித் தொற்று’. மருத்துவமனையில் தங்காமல் வந்ததைக் குறிக்க ‘புறச்சிகிச்சைவழி இதய உள்ளுறைத் தொற்று’. ‘வழி’ என்பது மருத்துவர்மேல் பழி போடுவதாகாதா என்று கேட்கலாம். நீர்வழி நோய் என்று சொல்லும்போது நீரையா குற்றம் சொல்கிறோம்? தொற்று வந்த பாதையை மட்டும் அது காட்டுகிறது. தூய தமிழ் அன்பர்கள் ‘பண்டுவவழி’ என்பார்கள். அழகான சொல்தான். ஆனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் நோயாளியின் மகளுக்குப் பண்டுவம் என்றால் என்னவென்று யார் விளக்குவது? சிகிச்சை வடசொல்லாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.