உரக்கடை வைக்க ஒரு வருடப் படிப்பு: 'தேசி' யாருக்கு, எதற்கு?

நெற்பயிர் ஒன்றை வேரோடு பிடுங்கி, டீக்கடை கேரி பையில் சுருட்டிக்கொண்டு ஒருவர் உரக்கடைக்கு வருகிறார். "மஞ்சளா போகுதுங்க, ஏதாவது மருந்து குடுங்க." கடைக்காரர் பையைப் பிரிக்காமலே அலமாரியிலிருந்து ஒரு பூச்சி மருந்து, ஒரு டானிக் என்று இரண்டு பாட்டிலை எடுத்து வைக்கலாம். அல்லது பயிரைக் கையில் வாங்கிப் பார்த்து, "அடி இலைதானே மஞ்சளா இருக்கு, குருத்து பச்சையாத்தான் இருக்கு. தழைச்சத்து பத்தலை, யூரியா போட்டா போதும்" என்று சொல்லலாம். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுதான். கடைக்காரருக்கு அதில் பெரிய லாபம் கிடையாது. ஆனால் அந்த விவசாயி அடுத்த போகத்துக்கும் இதே கடைக்குத்தான் வருவார்.

மஞ்சள் நிறம் குருத்திலிருந்து ஆரம்பித்திருந்தால் அது இரும்புச்சத்துக் குறையாகவோ கந்தகக் குறையாகவோ இருக்கலாம். இலை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, பயிரும் குட்டையாகிவிட்டால் பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றுக்கும் மூன்று வழி. இந்த வித்தியாசம் தெரிந்த ஆள் கல்லாவில் உட்கார வேண்டும் என்பதற்காக வந்த படிப்புதான் 'தேசி' (ஆங்கிலச் சுருக்கம் DAESI). முழுப்பெயர் வேளாண் இடுபொருள் விற்பனையாளர்களுக்கான வேளாண் விரிவாக்கச் சேவைப் பட்டயப் படிப்பு. ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம், அதாவது 'மேனேஜ்', இதை 2003-இல் தொடங்கியது. முதலில் படிப்பவர்களே முழுக் கட்டணத்தையும் கட்டினார்கள். 2015-16 வாக்கில் மத்திய அரசு பாதியை ஏற்றுக்கொண்ட பிறகுதான் இது ஊர் ஊராகப் பரவியது.

சட்டம் என்ன சொல்கிறது? உரத்துக்கு 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, பூச்சிக்கொல்லிக்கு 1968-ஆம் ஆண்டுச் சட்டமும் 1971-ஆம் ஆண்டு விதிகளும். பல காலம் கடைக்கு இடமும் பணமும் இருந்தால் போதும், படிப்பை யாரும் கேட்கவில்லை. 2015-க்குப் பிறகு வந்த திருத்தங்கள் அதை மாற்றின. வேளாண் பட்டமோ, வேதியியல் போன்ற அறிவியல் பட்டமோ, அதுவும் இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற வேளாண் பட்டயமோ இருக்க வேண்டும் என்று ஆனது. இருபது வருடமாகக் கடை நடத்திய, பத்தாவதோடு நின்றவர்களுக்குத் தூக்கம் போனது அப்போதுதான். அவர்களுக்கு இருக்கிற வழிகளில் ஒன்று தேசி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மூன்று படிப்புகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். உர விற்பனைக்கு மட்டும் 15 நாள் சான்றிதழ்ப் பயிற்சி ஒன்று உண்டு, ஒருங்கிணைந்த ஊட்டச்சத்து மேலாண்மை பற்றியது. வேளாண் பல்கலைக்கழகங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் நடத்துகின்றன. ஏற்கெனவே பூச்சி மருந்து விற்றுக்கொண்டிருப்பவர்களுக்காக 12 வாரச் சான்றிதழ் ஒன்று வந்தது. உரத்துக்கான சான்றிதழைக் காட்டி மருந்து உரிமம் கேட்க முடியாது, மருந்துக்கான சான்றிதழைக் காட்டி உர உரிமமும் கேட்க முடியாது. இரண்டுக்கும் சேர்த்துப் பொருந்துவது தேசிதான். கடையில் உரமும் மருந்தும் சேர்த்து விற்கப் போகிறீர்கள் என்றால் குறுக்கு வழி தேடாமல் தேசியிலேயே சேர்ந்துவிடுவது நல்லது என்பது என் கட்சி. 15 நாளில் உரச்சட்டம் மனப்பாடம் ஆகும், பயிர் பழகாது.

படிப்பு 48 வாரம். வாரத்துக்கு ஒரு நாள்தான் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமையோ, அந்த ஊரில் கடையடைப்பு எந்தக் கிழமையோ, அன்றைக்கு. 40 நாள் வகுப்பறை, 8 நாள் வயல்வெளி. ஓர் அணிக்கு 40 பேர். பாடம் தமிழிலேயே நடக்கும். மண், உரம், விதை, நீர், பூச்சி, நோய், களை, சட்டங்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். அந்தந்த மாவட்டத்தின் முக்கியப் பயிர்களுக்குத் தனி வகுப்புகள் உண்டு. தஞ்சைப் பக்கத்தில் நெல்லும் உளுந்தும், தருமபுரிப் பக்கத்தில் தக்காளியும் ராகியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அளவுக்கு உதவும் என்பதற்கு ஒரு கணக்கு. மத்திய, நீண்ட கால நெல் ரகங்களுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து 150:50:50 கிலோ. ஏக்கருக்கு 60:20:20. டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் ஒரு மூட்டை 50 கிலோ. அதில் தழை 9 கிலோ, மணி 23 கிலோ. அடியுரமாக அந்த ஒரு மூட்டையிலேயே மணிச்சத்து முடிந்துவிடுகிறது. மீதி வேண்டியது தழை 51 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழை, 45 கிலோ மூட்டைக்கு 20.7 கிலோ. ஆக, ஏக்கருக்குச் சுமார் இரண்டரை மூட்டை யூரியா, அதையும் மூன்று நான்கு முறையாகப் பிரித்துப் போட வேண்டும். சாம்பல் சத்து 20 கிலோவுக்குப் பொட்டாஷ் உரம் 33 கிலோ. இதுக்கு மேலே மூட்டை மூட்டையாகக் கொட்டினால் பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும். பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள், சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியும் மெச்சி வந்து இறங்கும். மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் இந்த அளவுகளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். யூரியா மூட்டை முன்பு 50 கிலோ. 2018-இல் 45 ஆகிவிட்டது, ஆனால் பழைய மூட்டைக் கணக்கிலேயே பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

புகையானைச் சொன்னதால் அதையும் பார்த்துவிடலாம். வயல் நடுவில் வட்டம் வட்டமாகக் காய்ந்தால் அதன் வேலை. பூச்சி மேலே இருக்காது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரில் ஒட்டியிருக்கும். இலை மேல் அடிக்கிற மருந்து அதன் மேல் படவே படாது. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்து அடித்தால் அதைத் தின்னும் சிலந்திகள் செத்து, புகையான் முன்னைவிடப் பெருகும். எது பூச்சி, எது அதைத் தின்னும் நண்பன் என்று தூரைப் பிரித்துக் காட்டுவார்களே, அந்த 8 வயல் நாட்களைத் தவறவிடாதீர்கள். தவறவிட்டால் படிப்பில் பாதி போச்சு. பாட்டிலில் உள்ள முக்கோண நிறமும் இப்படித்தான்: சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. தினமும் கையில் எடுக்கிற பொருள்தான், ஆனால் இந்த வரிசையைச் சரியாகச் சொல்லும் கடைக்காரர்கள் அதிகம் இல்லை.

கட்டணம் 20,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. அதில் பாதி அரசு, பாதி படிப்பவர். உரிமம் வைத்திருக்கும் விற்பனையாளர்களை மனதில் வைத்துத்தான் இந்த மானியம் வந்தது. புதிதாகக் கடை போட நினைப்பவர்கள் சேரும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: இந்த அணியில் அரசுப் பங்கு எனக்கும் உண்டா, அல்லது முழுக் கட்டணமா? இந்த வருடம் கட்டணம் எவ்வளவு? பதிலை ரசீதோடு வாங்கிக்கொள்ளுங்கள். "சான்றிதழ் நாங்களே வாங்கித் தருகிறோம், வகுப்புக்கு வர வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். பட்டயம் வருவது மேனேஜ் பெயரில், தேர்வும் செய்முறையும் முடித்த பிறகுதான்.

விண்ணப்பத்துக்கு உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஆத்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டம் பார்ப்பவரைக் கேளுங்கள். பக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். மாநில அளவில் பொறுப்பு புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் உள்ள 'ஸ்டாமின்' என்ற மாநில வேளாண் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்துக்கு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், புகைப்படம், கடை இருந்தால் உரிம நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் தயாராக வைத்திருங்கள். 40 பேர் சேர்ந்ததும் அணி தொடங்கிவிடும், நடுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நிற்க முடியாது.