செம்பு தங்கத்தில் கரையும், வெள்ளியில் ஏன் கரைய மறுக்கிறது?

916 முத்திரை குத்திய தங்க வளையலை நுண்ணோக்கியில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும், அதில் சேர்த்த செம்பு தனியாகத் தெரியாது. 925 வெள்ளியை (92.5 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு) வார்த்து, மெதுவாக ஆறவிட்டு, மெருகேற்றி அதே நுண்ணோக்கியில் வையுங்கள். வெள்ளிக்கு நடுவே செம்பு மிகுந்த திட்டுகள் தென்படும். இரண்டிலும் கலந்தது ஒரே செம்புதான்.

உருகிய நிலையில் தங்கம், வெள்ளி இரண்டும் செம்போடு நன்றாகவே கலக்கின்றன. உறையும்போதுதான் பிரச்சினை வருகிறது. அணுக்கள் வரிசை கட்டிப் படிகமாகும்போது, தங்க அணு உட்கார வேண்டிய இடத்தில் செம்பு அணு உட்கார முடிந்தால் அது திண்மக் கரைசல். தண்ணீரில் சர்க்கரை கரைவது போலத்தான், ஆனால் கரைக்கும் பொருளே இங்கே கெட்டியாக இருக்கிறது.

யார் யாரோடு இப்படிச் சேர்வார்கள் என்று முன்கூட்டியே சொல்ல வழி காட்டியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹியூம்-ராதரி. ராணுவப் பயிற்சியில் இருந்தபோது, 1917-ல், மூளைக்காய்ச்சல் வந்து செவித்திறனை முற்றிலும் இழந்தார். அப்புறம் ஆக்ஸ்போர்டில் வேதியியல் படித்து, உலோகங்களின் பக்கம் வந்தார். செம்பிலும் வெள்ளியிலும் எந்தத் தனிமம் எவ்வளவு கரைகிறது என்று பொறுமையாக அளந்து, 1934-ல் வெளியிட்டார்.

அதில் கிடைத்த முக்கியமான விதி அளவைப் பற்றியது. இரண்டு அணுக்களின் அளவு வித்தியாசம் சுமார் 15 சதவீதத்தைத் தாண்டினால் கரைதிறன் மிகவும் குறைந்துவிடும். அந்நிய அணு சுற்றியுள்ள வரிசையை நெருக்கித் தள்ளும் அல்லது இழுக்கும். அந்த இறுக்கத்தைப் படிகம் தாங்காது. செம்பு அணுவின் ஆரம் 0.128 நானோமீட்டர், ஈயத்துக்கு 0.175. அதனால்தான் பித்தளையில் சேர்க்கும் ஈயம் கரையாமல் சிறு துளிகளாக நிற்கிறது. நிக்கலுக்கு 0.125, படிக அமைப்பும் செம்பினுடையதே. எந்த விகிதத்திலும் கரைகிறது. துத்தநாகம் அளவில் பொருந்தினாலும் படிக அமைப்பு வேறு, இணைதிறனும் (பிணைப்புக்கு ஓர் அணு தரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை) வேறு. எனவே எடையில் 38 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடுகிறது. எலக்ட்ரான் கவர்தன்மையும், அதாவது எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் வலிமையும், ரொம்ப விலகியிருக்கக் கூடாது. விலகினால் கரைசலுக்குப் பதில் சேர்மம் உருவாகும்.

இந்த விதிகள் ‘முடியாது’ என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ‘முடியும்’ என்று சொன்னால் அவ்வளவு உறுதி இல்லை. தங்கம், வெள்ளி இரண்டின் அணு ஆரமும் 0.144 தான். செம்போடு வித்தியாசம் 12, 13 சதவீதம், அதாவது எல்லைக்குள்தான். மூன்றுக்கும் ஒரே படிக அமைப்பு, தனிம அட்டவணையில் ஒரே தொகுதி. கவர்தன்மையில் பார்த்தால் தங்கத்தைவிட வெள்ளிதான் செம்புக்கு நெருக்கம்!

சரி, வெள்ளி ஏன் மறுக்கிறது? தங்கமும் செம்பும் கலந்தால் ஆற்றல் வெளிப்படுகிறது. கவர்தன்மையில் உள்ள மிதமான வித்தியாசமே அவற்றைச் சற்று ஈர்த்து, அளவுப் பொருத்தமின்மையை ஈடுகட்டுகிறது. வெள்ளிக்கும் செம்புக்கும் அந்த ஈர்ப்பு இல்லை. கலக்க ஆற்றல் செலவாகிறது. இந்தக் கலப்பு ஆற்றலைத்தான் இன்று கணினியில் கணக்கிட்டு முன்கணிக்கிறார்கள்.

ஆனால் வெப்பமும் ஒரு கட்சி. சூடு ஏற ஏற அணுக்கள் கலைந்து கிடப்பதே வசதியாகிறது. 780 டிகிரி செல்சியஸில் கெட்டி வெள்ளி 8.8 சதவீதம் செம்பை ஏற்கும். அறை வெப்பத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் ஏற்காது. 925 வெள்ளியில் இருப்பது 7.5 சதவீதம். அதைச் சூட்டோடு தண்ணீரில் தோய்த்தால் பிரிய நேரமில்லாமல் செம்பு உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வெள்ளி மென்மையாக இருக்கும். பிறகு 300 டிகிரி அளவில் வைத்தால் மிகச் சிறு துகள்களாகப் பிரிந்து கடினமாகும்.

தங்கத்துக்கும் இதில் விலக்கு இல்லை. செம்பு மட்டும் சேர்த்த 18 காரட் சிவப்புத் தங்கத்தில் எடை 75-க்கு 25 என்றாலும், அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய சரிசமம். மெதுவாக ஆறவிட்டால், சுமார் 400 டிகிரிக்குக் கீழே ஓர் அடுக்கு தங்கம், ஓர் அடுக்கு செம்பு என்று அணுக்கள் மாறி மாறி அடுக்கிக்கொள்கின்றன. நகை கடினமாகி, தட்டினால் விரிசல் விடும். சிவப்புத் தங்கத்தைச் சூடு குறையுமுன் தண்ணீரில் தோய்ப்பது அந்த அடுக்கு உருவாகாமல் தடுக்கத்தான்.