பரிந்துரை முறைமை: சொல்லும் அதன் பின்னுள்ள கணக்கும்

ஒரு பாடல் முடிந்ததும் அடுத்ததைத் தானே எடுத்துப் போடும் செயலி, ஒரு பொருளைப் பார்த்தவுடன் கீழே இன்னும் பத்தைக் காட்டும் இணையக் கடை, ஆளுக்கு ஆள் மாறும் காணொளித் தளத்தின் முகப்பு. இவற்றின் பின்னால் இருந்து வேலை செய்யும் மென்பொருளை ஆங்கிலத்தில் ரெக்கமண்டர் சிஸ்டம் என்கிறார்கள். தமிழில் பரிந்துரை முறைமை. ஒருவரும் அவரைப் போன்ற பிறரும் விட்டுச்சென்ற தடயங்களைக் கொண்டு அவருக்கு எது பிடிக்கும் என்று கணித்து, எண்ணற்ற பொருள்களிலிருந்து ஒருசிலவற்றை மட்டும் அவர் முன் வைக்கும் முறை என்று இதற்கு இலக்கணம் சொல்லலாம்.

ஆங்கிலத்திலும் இந்தப் பெயர் தொடக்கத்திலேயே அமைந்துவிடவில்லை. 1979இல் கணினி ஆய்வாளர் எலைன் ரிச் உருவாக்கிய கிரண்டி என்ற நிரல், பயனர் தம்மைப் பற்றிச் சொல்லும் சில சொற்களைக் கொண்டு அவர் எந்த வகை வாசகர் என்று ஊகித்து நாவல்களைச் சொன்னது. 1992இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் டேபெஸ்ட்ரி என்ற மின்னஞ்சல் அமைப்பு வந்தது. ஒருவர் படித்த மடலில் எழுதிவைக்கும் குறிப்பைப் பார்த்து மற்றவர்கள் தமக்கு வேண்டியதைப் பிரித்தெடுத்துக்கொள்ளலாம். இந்த வேலைக்கு அதை உருவாக்கியவர்கள் வைத்த பெயர் கொலாபரேட்டிவ் ஃபில்டரிங், அதாவது கூட்டு வடிகட்டல். 1994இல் வந்த குரூப்லென்ஸ், யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களின் செய்திகளுக்கு வாசகர்கள் கொடுத்த மதிப்பெண்களைக் கொண்டு இதே வேலையைத் தானியங்கியாக்கியது.

1997இல் பால் ரெஸ்னிக், ஹால் வேரியன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதிய கட்டுரைதான் பெயரை மாற்றியது. அவர்கள் சொன்ன காரணம் நியாயமானது. கருத்துச் சொல்பவரும் அதைப் பெறுபவரும் ஒருவரை ஒருவர் அறியாமலே இருக்கலாம். அப்படியிருக்க ‘கூட்டு’ என்பது பொருந்தாது. ‘வடிகட்டல்’ என்றால் வேண்டாததை நீக்குவது மட்டுமே நினைவுக்கு வரும். நல்லதை முன்னால் கொண்டுவந்து காட்டுவதும் இந்த முறையின் வேலை. எனவே ரெக்கமண்டர் சிஸ்டம் என்ற பொதுப்பெயரை முன்வைத்தார்கள். இன்று கூட்டு வடிகட்டல் என்பது இந்தத் துறைக்குள் ஒரு வழிமுறையின் பெயர் மட்டுமே.

தமிழில் இதற்கு முன்பு புழங்கிய சொல் சிபாரிசு. பாரசீகத்தின் சிஃபாரிஷ் இந்துஸ்தானி வழியாக இங்கு வந்தது. ஆனால் சிபாரிசு என்றதுமே தகுதியை மீறிச் செல்வாக்கால் காரியம் முடிப்பது என்ற சாயை ஒட்டிக்கொள்கிறது. அதனால் கணினித் துறைக்கு அது ஒத்துவரவில்லை. பரிந்துரை அப்படியல்ல. பரிதல் என்றால் அன்பு கொள்ளுதல், இரங்குதல், ஒருவர் பக்கம் நின்று பேசுதல். ‘தாயினும் சாலப் பரிந்து’ என்று மாணிக்கவாசகர் பாடியதில் உள்ள பரிவு இதே வேர்தான். ‘அவனுக்காகப் பரிந்து பேசாதே’ என்று இன்றும் சொல்கிறோம். பரிந்து உரைப்பது பரிந்துரை.

இந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு கேள்வி இருக்கிறது: யாருக்காகப் பரிந்து? பயனருக்காகவா, பொருளை விற்பவருக்காகவா, தளத்தை நடத்துபவருக்காகவா? ஒரு முறைமையைப் பார்த்து இதைக் கேட்டால், அதை எந்த அளவுகோலால் மதிப்பிடுகிறார்கள் என்பதில்தான் விடை கிடைக்கும். அதனால்தான் செயல்பாட்டைச் சொல்லிவிட்டு மதிப்பீட்டைச் சொல்லாமல் விடும் விளக்கங்கள் எனக்குப் பாதிக் கிணறாகவே படுகின்றன.

துணைச் சொற்கள் இரண்டு. சிஸ்டம் என்பதற்கு அமைப்பு என்றும் எழுதலாம். ஆனால் அமைப்பு நிறுவனத்தையும் கட்டமைப்பையும் சேர்த்துக் குறிப்பதால் முறைமையே தெளிவு. கணினி, செயலி, உலாவி என்ற வரிசையில் பரிந்துரைப்பி என்று ஒரே சொல்லாகவும் ஆக்கலாம். சுருக்கம் வேண்டிய இடத்தில் நன்றாக உட்காரும். அல்காரிதம் என்ற சொல் 9ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயர் லத்தீனில் திரிந்து பிறந்தது. அதற்கு நெறிமுறை என்று எழுதுவோர் உண்டு. நெறிமுறையை ஏற்கெனவே எதிக்ஸுக்கும் புரோட்டோகாலுக்கும் கொடுத்துவிட்டோம். படி படியாகச் செல்லும் கணக்கு என்பதால் படிமுறை என்பதே பொருத்தம்.

இனி அந்தப் படிமுறை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். எளிய வழி உள்ளடக்கம் சார்ந்தது: நீங்கள் விரும்பிய நூலின் பொருள், மொழி, ஆசிரியர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அதே கூறுகள் உள்ள வேறு நூல்களைக் காட்டுவது. இதில் ஆச்சரியம் இல்லை, அதுவே அதன் குறையும்.

கூட்டு வடிகட்டல் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. சிறு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். அ, ஆ, இ என்று மூன்று வாசகர்கள். முதல் மூன்று நூல்களுக்கு அ கொடுத்த மதிப்பெண்கள் 5, 2, 2. ஆ கொடுத்தது 5, 3, 1. இ கொடுத்தது 1, 4, 4. நான்காவது நூலை அ இன்னும் படிக்கவில்லை. ஆ அதற்கு 4 கொடுத்திருக்கிறார், இ 1 கொடுத்திருக்கிறார். அந்த நூல் அ-வுக்குப் பிடிக்குமா?

முதலில் ஒவ்வொருவரின் சராசரியைக் கழிக்க வேண்டும். சிலர் தாராளமாக மதிப்பெண் போடுவார்கள், சிலர் கை இறுக்கம். அந்தப் பழக்கத்தை நீக்கினால்தான் உண்மையான விருப்பம் தெரியும். இங்கே மூவருக்கும் முதல் மூன்று நூல்களின் சராசரி 3 என்று அமைந்துவிட்டது. கழித்தால் அ: +2, −1, −1. ஆ: +2, 0, −2. இ: −2, +1, +1. இரண்டு வரிசைகளையும் உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டி, அவற்றின் நீளங்களால் (ஒரு வரிசையின் எண்களை இருமடியாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் கண்டால் வருவது அதன் நீளம்) வகுத்தால் ஒற்றுமை எண் கிடைக்கும். அ-வுக்கும் ஆ-வுக்கும் அது ஏறக்குறைய 0.87. அ-வுக்கும் இ-க்கும் −1, முழு எதிர்த்துருவம். நான்காவது நூலுக்கு ஆ தம் சராசரியைவிட 1 கூடுதலாகவும், இ தம் சராசரியைவிட 2 குறைவாகவும் கொடுத்திருக்கிறார்கள். இவற்றை அவரவர் ஒற்றுமை எண்ணால் பெருக்கிக் கூட்டி, ஒற்றுமை எண்களின் (குறியை விட்டுவிட்டு) கூட்டுத்தொகையால் வகுத்து, அ-வின் சராசரி 3உடன் சேர்த்தால் அவருக்கான கணிப்பு ஏறத்தாழ 4.5 வருகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஒத்த ரசனையாளரின் பாராட்டைவிட எதிர்ரசனைக்காரரின் வெறுப்பே இங்கே அ-வுக்குப் பெரிய ஆதரவாக நிற்பதுதான்.

மூன்று பேருக்குச் சரி. கோடிப் பேர் என்றால் ஒவ்வொருவரையும் மற்ற எல்லோரோடும் ஒப்பிடுவது ஆகாத வேலை. அமேசான் இதைத் திருப்பிப் போட்டது: ஆளோடு ஆளை ஒப்பிடாமல் பொருளோடு பொருளை ஒப்பிடுவது. இதை வாங்கியவர்கள் வேறு எதை வாங்கினார்கள் என்ற அட்டவணையை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டால், கேட்கும் நேரத்தில் எடுத்துக்கொடுப்பது மட்டுமே மிச்சம். 2003இல் அவர்கள் இந்த முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அடுத்த பெரிய தாவல் அணிக் காரணிப்படுத்தல், ஆங்கிலத்தில் மேட்ரிக்ஸ் ஃபேக்டரைசேஷன். பயனர்கள் கிடைவரிசைகளாகவும் பொருள்கள் நெடுவரிசைகளாகவும் உள்ள மாபெரும் அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பாலான கட்டங்கள் காலி. நெட்ஃபிளிக்ஸ் 2006இல் போட்டிக்காக வெளியிட்ட தரவில் 4,80,189 பயனர்கள், 17,770 படங்கள், சுமார் 10 கோடி மதிப்பெண்கள். கேட்கப் பெரிதாக இருந்தாலும் மொத்தக் கட்டங்களில் நிரம்பியவை ஏறக்குறைய 1.2 விழுக்காடுதான். இந்த அட்டவணையை இரண்டு சிறிய அட்டவணைகளின் பெருக்கமாக எழுதும்போது ஒவ்வொரு பயனருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் சில எண்கள் கொண்ட ஒரு வரிசை கிடைக்கிறது. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் காலிக் கட்டத்துக்கான கணிப்பு வரும். அந்த எண்களுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. நகைச்சுவை, விறுவிறுப்பு போன்ற குணங்களை நினைவூட்டும் எண்கள் சில நேரம் அமையும், பல நேரம் எந்தச் சொல்லிலும் அடங்காதவை வரும்.

புதிதாக வந்த பயனரைப் பற்றியோ பொருளைப் பற்றியோ எந்தத் தடயமும் இல்லாத நிலையை ஆங்கிலத்தில் கோல்டு ஸ்டார்ட் என்பார்கள். குளிர்த் தொடக்கம் என்று அப்படியே மொழிபெயர்த்திருப்பதைப் பார்க்கிறேன். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை இயக்கும் சிரமத்திலிருந்து வந்த உருவகம் அது. தமிழில் குளிர் என்றால் இதமும்தான். தரவில்லாத் தொடக்கம் என்றால் படிப்பவருக்கு உடனே விளங்கிவிடும்.

மதிப்பீட்டுக்கு வருவோம். இங்கேயும் சொல் சிக்கல் உண்டு. ரேட்டிங், எவால்யுவேஷன் இரண்டையும் மதிப்பீடு என்றே எழுதினால் கட்டுரை குழம்பிவிடும். பயனர் பொருளுக்குக் கொடுப்பது மதிப்பெண். ஆய்வாளர் முறைமைக்குச் செய்வது மதிப்பீடு. நெட்ஃபிளிக்ஸ் போட்டியில் அளவுகோலாக இருந்தது சராசரி இருமடிமூலப் பிழை. கணித்த மதிப்பெண்ணுக்கும் பயனர் உண்மையில் கொடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை இருமடியாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பது. இருமடியாக்குவதால் பெரிய தவறுகளுக்குத் தண்டனை அதிகம். நிறுவனத்தின் சொந்த முறையைவிட இந்தப் பிழையை 10 விழுக்காடு குறைப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு. 2009இல் பெல்கோர்ஸ் பிராக்மேட்டிக் கேயாஸ் என்ற குழு வென்றது. அதே அளவு பிழையை எட்டிய இன்னொரு குழு, சுமார் 20 நிமிடம் தாமதமாகச் சமர்ப்பித்ததால் பரிசை இழந்தது. ஆனால் வென்ற முழுத் தீர்வையும் நெட்ஃபிளிக்ஸ் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. கிடைக்கும் முன்னேற்றம் அதற்கான பொறியியல் உழைப்புக்கு ஈடாகாது என்றார்கள். வணிகமும் அதற்குள் அஞ்சல் வழி வட்டுகளிலிருந்து இணைய ஒளிபரப்புக்கு மாறியிருந்தது.

அந்த அளவுகோலில் அடிப்படையான குறை ஒன்றும் இருக்கிறது. எனக்கு 1.4 மதிப்பெண் தோன்றக்கூடிய படத்தை 2.1 என்று கணித்தால் என்ன, 1.5 என்று கணித்தால் என்ன? இரண்டானாலும் அதை என் திரையில் காட்டப்போவதில்லை. முதல் பத்து இடங்களில் என்ன வருகிறது என்பதே முக்கியம். அதனால் அளவுகோல்கள் வரிசைப் பட்டியலை நோக்கித் திரும்பின.

அவற்றில் அடிக்கடி வரும் இரண்டு பிரிசிஷன், ரீகால். 10 பொருள்களைக் காட்டி அவற்றில் 4 பயனருக்குப் பிடித்தவை என்றால் பிரிசிஷன் 0.4. அவருக்குப் பிடித்தவை மொத்தம் 8 என்றால், அவற்றில் 4 மட்டுமே பட்டியலுக்கு வந்ததால் ரீகால் 0.5. பிரிசிஷனைத் துல்லியம் என்றால் அக்யுரசியோடு மோதுகிறது. ரீகாலை நினைவுகூர்தல் என்று போடுவது அகராதியைப் பார்த்து எழுதியது. இங்கே எதையும் யாரும் நினைவுகூரவில்லை. பொருத்த விகிதம், மீட்பு விகிதம் என்று வைத்துக்கொண்டால் கணக்கே சொல்லில் தெரியும். பட்டியலில் பொருள் வந்த இடத்தையும் கணக்கில் கொள்வது என்.டி.சி.ஜி. (நார்மலைஸ்டு டிஸ்கவுன்டட் க்யூமுலேட்டிவ் கெயின்). முதலிடத்தில் வந்த நல்ல பொருளுக்கு முழு 1, இரண்டாமிடத்துக்கு 0.63, மூன்றாமிடத்துக்கு 0.5, பத்தாமிடத்துக்கு 0.29 என்று மடக்கை விகிதத்தில் தள்ளுபடி செய்து கூட்டி, மிகச் சிறந்த வரிசை பெறக்கூடிய எண்ணால் வகுப்பார்கள்.

இவை எல்லாம் சேமித்த பழைய தரவில் ஒரு பகுதியை மறைத்து வைத்துக்கொண்டு செய்யும் சோதனைகள். அதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தப் பழைய தரவே முந்தைய பரிந்துரை முறைமை காட்டியவற்றிலிருந்து பிறந்தது. காட்டப்படாததை யாரும் சொடுக்கியிருக்க முடியாது. எனவே பழையதைப் போலவே நடந்துகொள்ளும் புதிய முறைக்கு நல்ல மதிப்பெண் விழும். ஒருவர் அறிந்திராத அருமையான ஒன்றை முன்வைக்கும் முறைக்குச் சுழியம் விழும். பிரபலமானவை மேலும் பிரபலமாவதற்கு இதுவும் ஒரு காரணம். இதைத் தாண்டத்தான் நேரடிச் சோதனை: பயனர்களைத் தற்செயலாக இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்குப் பழையதும் மறு பகுதிக்குப் புதியதும் காட்டி ஒப்பிடும் ஏ/பி சோதனை.

அங்கும் எதை எண்ணுகிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சொடுக்குகளை எண்ணினால் ஏமாற்றுத் தலைப்புகள் மேலே வரும். யூடியூப் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரையில் இதைச் சொல்லியே, எவ்வளவு நேரம் பார்க்கப்படும் என்ற எதிர்பார்ப்பைக் கொண்டு வரிசைப்படுத்துவதாக எழுதினார்கள். அது முன்னேற்றம்தான். ஆனால் பார்த்த நேரம் என்பது பயனரின் நிறைவா, தளத்தின் இலாபமா? இரண்டும் ஒரே திசையில் போகும்வரை சிக்கல் தெரியாது. பிரியும் இடத்தில் முறைமை யார் பக்கம் பரிகிறது என்பது வெளிப்பட்டுவிடும்.

ஆய்வுலகிலும் அளவுகோல் ஏமாற்றியதுண்டு. 2019இல் தக்ரேமா, கிரெமொனேசி, யானக் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும், பெரிய மாநாடுகளில் வெளியான நரம்பு வலைப்பின்னல் (மூளையின் நரம்பணுக்களை மாதிரியாகக் கொண்ட கணிப்பு முறை) சார்ந்த 18 படிமுறைகளை எடுத்துத் திரும்பச் செய்து பார்க்க முயன்றார்கள். நியாயமான உழைப்பில் 7 மட்டுமே திரும்பச் செய்ய முடிந்தது. அந்த 7இல் 6ஐ, ஒத்தவர்களையோ ஒத்த பொருள்களையோ தேடும் அருகமை ஒப்பீடு போன்ற எளிய பழைய முறைகளே பல நேரம் வென்றுவிட்டன. புதியதைக் கவனமாகச் சீர்செய்துவிட்டு, ஒப்பிடும் பழையதை அப்படியே விட்டுவிடும் பழக்கம் இதற்கு ஒரு காரணம். புதிய படிமுறை பற்றிய செய்தியைப் படிக்கும்போது ‘எதோடு ஒப்பிட்டார்கள்’ என்று முதலில் பார்க்கும் வழக்கம் எனக்கு அந்தக் கட்டுரையிலிருந்து வந்தது.

துல்லியத்துக்கு அப்பாற்பட்ட அளவுகளும் உண்டு. பட்டியலில் உள்ளவை ஒன்றுபோல் இல்லாதிருப்பது பன்மை. இருப்பில் எவ்வளவு பங்கு யாருக்காவது காட்டப்படுகிறது என்பது பரப்பு. பயனர் முன்பு அறியாதது புதுமை. எல்லாவற்றிலும் அளக்கக் கடினமானது செரன்டிபிட்டி: தேடாமலே கிடைத்த, ஆனால் கிடைத்தபின் பிடித்துப்போன ஒன்று. 1754இல் ஹொரஸ் வால்போல் ஒரு கடிதத்தில் உருவாக்கிய இந்தச் சொல், இலங்கையின் பழம்பெயர்களில் ஒன்றான செரன்டிப்பை வேராகக் கொண்டது. தற்செயல் என்று மட்டும் மொழிபெயர்த்தால் அதிலுள்ள மகிழ்ச்சி விடுபடுகிறது. எதிர்பாராப் பேறு என்பதை நான் பயன்படுத்துகிறேன். அதை அளக்க, பரிந்துரைத்த பொருள்களில் எளிய முறை ஒன்றே ஊகித்திருக்கக்கூடியவற்றை நீக்கிவிட்டு, மிச்சமுள்ளவற்றில் பயனர் எத்தனையை விரும்பினார் என்று எண்ணுவது ஒரு வழி. பயனரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது இன்னொரு வழி. இரண்டாவதற்குச் செலவும் நேரமும் அதிகம், ஆனால் எதிர்பார்ப்பு என்பது அவர் மனத்தில் இருப்பதால் அதைத் தவிர்க்கவும் முடிவதில்லை.