கல்பாக்கம், கூடங்குளம்: கதிரியக்கக் கழிவுக்கு விதி என்ன, உங்கள் கணக்கை எப்படிக் கேட்பது

ஓர் அணுமின் நிலையம் ஓடும்போது புகைபோக்கி வழியாகவும், கடலுக்குத் திரும்பும் நீரோடும் கொஞ்சம் கதிரியக்கப் பொருள் வெளியே போகத்தான் செய்யும். எந்த வழியாக, எவ்வளவு போகலாம் என்பதற்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். உண்மையில் எவ்வளவு போனது என்பதை அளந்து பதிவு செய்யவும் வேண்டும். நிலையத்துக்குள் வேலை பார்க்கிறவர், சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர் இருவருமே இந்தக் கணக்கைக் கேட்கலாம். அப்படிக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாமல் இருப்பதால்தான் இந்த விளக்கம்.

முதலில் கழிவு. இதற்கு அடிப்படை, 1987ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிரியக்கக் கழிவுகளைப் பாதுகாப்பாக அகற்றுதல்) விதிகள். அனுமதி இல்லாமல் யாரும் கதிரியக்கக் கழிவை அகற்றக் கூடாது. அனுமதியில் குறித்த இடத்தை விட்டு வேறிடத்தில் போடக் கூடாது, குறித்த அளவைத் தாண்டவும் கூடாது. அணுமின் நிலையத்துக்கு மட்டுமல்ல, கதிரியக்கப் பொருளைக் கையாளும் ஆஸ்பத்திரி, கல்லூரி ஆய்வுக்கூடம், தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அணுமின் நிலையங்களுக்கு அனுமதி தருவதும், மீறினால் நடவடிக்கை எடுப்பதும் 1983 நவம்பரில் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பொறுப்பு.

வெளியேறும் அளவுக்கு உச்சவரம்பை எப்படி முடிவு செய்கிறார்கள்? சுற்றி வாழும் ஒருவருக்கு அந்த வளாகத்தால் ஓராண்டில் சேரும் கதிர்வீச்சு 1 மில்லிசீவெர்ட்டை (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. மூச்சுக்காற்று, தண்ணீர், மீன், பால், காய்கறி என்று எல்லா வழியும் சேர்த்து இந்த 1. வளாகத்தில் இரண்டு உலை இருந்தாலும் ஆறு உலை வந்தாலும் வரம்பு உயராது. அத்தனை உலைகளும் அந்த ஒன்றுக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கூடங்குளத்தில் இரண்டு உலைகள் ஓட, மேலும் நான்கு கட்டப்பட்டு வருவதால் அந்த ஊர்க்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மண், பாறை, காற்று, விண்வெளி ஆகியவற்றிலிருந்து இயற்கையாகவே ஒருவருக்கு உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட் கிடைக்கிறது. ஸ்கேன், எக்ஸ்ரே தனி. நிலையத்துக்கான வரம்பு இவற்றுக்கு மேல் சேர்வதை மட்டும் குறிக்கிறது.

இதை அளப்பதற்காக அணுமின் நிலைய வளாகங்களில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகங்கள் உள்ளன. சுமார் 30 கிலோமீட்டர் தொலைவு வரை கடல்நீர், மீன், கடற்பாசி, வண்டல், கிணற்று நீர், அரிசி, பால், காற்று ஆகியவற்றின் மாதிரிகளை எடுத்துச் சோதிப்பார்கள். கல்பாக்கம் கனநீரை (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) பயன்படுத்தும் உலை என்பதால் அங்கே டிரிட்டியத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அது ஹைட்ரஜனின் கதிரியக்க வகை. தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துவிடும், வடிகட்டியால் பிடிக்க முடியாது.

உலை ஓடத் தொடங்கும் முன்பே இந்த ஆய்வகங்கள் அளவெடுத்து வைக்கின்றன. நம் தென்கோடிக் கரையில் அந்த முதல் அளவு மிக முக்கியம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. அங்கே இயற்கைக் கதிர்வீச்சே கூடுதல். ஒரு கடலோர ஊரில் கருவி அதிகமாகக் காட்டினால், அது மணலால் வந்ததா உலையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இரண்டு விஷயம் வேண்டும்: உலைக்கு முந்தைய அளவு, எந்தத் தனிமம் என்ற விவரம். தோரியமும் அதன் வழித்தோன்றல்களும் என்றால் மணலிலிருந்து வந்திருக்கலாம்; உலையில் உருவாகும் சீசியம் 137, டிரிட்டியம் கூடியிருந்தால் கேள்வி உலையை நோக்கித் திரும்பும். அதனால் யாராவது மொத்த அளவை மட்டும் சொல்லி பயமுறுத்தினாலும் சரி, சமாதானம் சொன்னாலும் சரி, எந்தத் தனிமம் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

திடக் கழிவுக்கு வருவோம். கையுறை, துணி, வடிகட்டி, பிசின் போன்ற குறைந்த, நடுத்தர அளவுக் கழிவுகளை வளாகத்துக்குள்ளேயே கல் கட்டிய பள்ளங்களிலும், கான்கிரீட் பள்ளங்களிலும், நிலத்துக்குள் செங்குத்தாக இறக்கிய குழாய்களிலும் வைக்கிறார்கள். சுற்றிலும் ஆழ்துளைக் குழாய் போட்டு நிலத்தடி நீரைச் சோதித்தபடி இருக்க வேண்டும். இந்த இடங்களுக்கு 300 ஆண்டுக் கண்காணிப்பு என்று திட்டமிடுகிறார்கள். காரணம் சீசியம் 137. அது 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

எரிபொருளை மறுசுழற்சி செய்யும்போது வரும் உயர் கதிரியக்கக் கழிவைக் கண்ணாடியாக உருக்கி, எஃகுக் கலன்களில் அடைத்துக் குளிர வைக்கிறார்கள். அதை நிரந்தரமாகப் புதைக்க இந்தியாவில் இன்னும் ஆழ்நிலக் கிடங்கு கிடையாது. கூடங்குளம் வழக்கில் 2013 மே 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அப்படியொரு கிடங்கைச் சீக்கிரம் அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கூடங்குளத்தில் பயன்படுத்தி முடித்த எரிபொருளை உலைக்கு வெளியே சேமிக்கும் மையம் அமைக்க முதலில் ஐந்து ஆண்டு பேசப்பட்டு, பிறகு 2018இல் அந்தக் கெடு 2022 ஏப்ரல் வரை நீட்டிக்கப்பட்டது. அந்த மையத்துக்காக 2019 ஜூலையில் அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் எதிர்ப்பால் தள்ளிப்போனது. நீண்டகாலக் கழிவு விஷயத்தில் நாடு பின்தங்கியிருப்பது இங்கேதான்.

இப்போது உள்ளே வேலை செய்கிறவர்கள். இவர்களுக்கானது 2004ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள். அளவு வரம்புகளை வாரியம் நிர்ணயிக்கிறது: ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. 18 வயது ஆகாதவரைக் கதிர்வீச்சு வேலையில் வைக்கக் கூடாது. கர்ப்பம் என்று பெண் ஊழியர் தெரிவித்த பிறகு, கருவுக்குப் போகும் அளவு 1 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றித் தர வேண்டும்.

மார்பில் மாட்டும் டிஎல்டி பேட்ஜ் உடம்புக்கு வெளியிலிருந்து படும் கதிர்வீச்சை அளக்கும். உடம்புக்குள் போனதை அறிய சிறுநீர்ச் சோதனை, முழு உடல் அளவீடு உண்டு. இந்தச் சோதனை எவ்வளவு அவசியம் என்பதற்குக் கர்நாடகத்தின் கைகா சாட்சி. 2009 நவம்பரில் அங்கே குடிநீர்க் குளிர்விப்பானில் டிரிட்டியம் கலந்த கனநீர் சேர்ந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்களின் உடம்பில் ஏறியிருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது சிறுநீர்ச் சோதனைதான். சோதனைக்கு மாதிரி தருவதை ஒரு சடங்காக நினைத்துத் தட்டிக்கழிக்காதீர்கள்.

உங்கள் அளவுப் பதிவு உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, நீங்கள் கேட்கும்போது, வேலையை விட்டு நிற்கும்போது என்று மூன்று சந்தர்ப்பங்களில் நிர்வாகம் அதைக் கொடுக்க வேண்டும். வேறு இடத்துக்கு மாறினால், புதிய முதலாளி கேட்கும்போது அவருக்கும் அனுப்ப வேண்டும். நீங்களும் முன்பு பார்த்த கதிர்வீச்சு வேலையைப் புதிய இடத்தில் சொல்ல வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குத்தான் இது உயிரான விஷயம். பராமரிப்புக்காக உலையை நிறுத்தும் சமயத்தில் கான்ட்ராக்டர் மூலம் உள்ளே போய், அப்புறம் வேறு ஊரில் வேறு நிலையத்தில் வேலைக்குச் சேரும் ஒருவருக்கு, ஐந்து ஆண்டு மொத்தம் 100க்குள் இருக்கிறதா என்று பார்க்க முந்தைய எண்ணிக்கை கூடவே வர வேண்டும். பேட்ஜ் எண் ஆளுக்கு ஆள் தனி. மும்பையில் பாபா மையத்தின் தேசியப் பதிவேட்டில் அது சேர்கிறது. அந்த எண்ணை ஆதார் எண் போலப் பத்திரமாக எழுதி வையுங்கள். வேலையை விட்டுப் பல ஆண்டு கழித்து நோய் வந்து இழப்பீடு கேட்க நேர்ந்தால், முதலில் தேவைப்படுவது அதுதான்.

கண்காணிப்புக் கருவி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைக் கல்பாக்கமே பார்த்திருக்கிறது. 2003 ஜனவரி 21 அன்று அங்குள்ள எரிபொருள் மறுசுழற்சி ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதியில் ஒரு வால்வு பழுதாகி, உயர் கதிரியக்கக் கழிவு குறைந்த கதிரியக்கக் கழிவுத் தொட்டிக்குள் வந்துவிட்டது. அந்தப் பகுதியில் கதிர்வீச்சை அளக்கும் கருவியோ எச்சரிக்கை மணியோ இல்லை. சாதாரணக் கழிவு என்று நினைத்து மாதிரி எடுக்கப் போன ஆறு ஊழியர்கள் கடுமையான கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். மாதிரியைச் சோதித்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

அந்த ஆலை பாபா மையத்துக்கு உட்பட்டது. 2000ஆம் ஆண்டிலேயே பாபா மையத்தின் அமைப்புகளை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து எடுத்து, மையத்தின் சொந்தப் பாதுகாப்புக் குழுவிடம் கொடுத்துவிட்டார்கள். ஆகவே கல்பாக்கத்தில் மின் நிலையத்துக்கு ஒரு மேற்பார்வையாளர், பக்கத்திலேயே உள்ள மறுசுழற்சி ஆலைக்கு இன்னொருவர். கேள்வி கேட்கும் முன் எந்தக் கட்டடத்தைப் பற்றிக் கேட்கிறோம் என்று தெளிவாக இருப்பது அவசியம். தன்னைத் தானே மேற்பார்வை பார்க்கும் ஏற்பாடு எனக்குச் சரியாகப் படவில்லை.

வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து இல்லை என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் 2012 அறிக்கையில் குறையாகச் சொன்னார். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் அந்த அந்தஸ்தைத் தருகிறது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் இடத்துக்கு அது வருகிறது. மேலே சொன்ன 1987, 2004 விதிகள் பழைய சட்டத்தின் கீழ் வந்தவை என்பதால், விண்ணப்பம் எழுதும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்பதை வாரியத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே குடியிருப்பவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் இணைய வழியிலும் முடியும். "கதிர்வீச்சு ஆபத்து இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இந்த வளாகத்துக்கு இன்ன ஆண்டில் வாயு, திரவக் கழிவுக்கு அனுமதித்த அளவு எவ்வளவு, உண்மையில் வெளியேறியது எவ்வளவு; இன்ன ஊரில் எடுத்த மீன், கிணற்று நீர் மாதிரிகளில் டிரிட்டியமும் சீசியம் 137உம் எவ்வளவு பெக்கரல் (ஒரு பொருளில் உள்ள கதிரியக்கத்தை அளக்கும் அலகு); உலை தொடங்கும் முன் அதே இடத்தில் எவ்வளவு இருந்தது என்று ஊர் பெயரும் ஆண்டும் போட்டுக் கேளுங்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சில விவரங்களை மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. மறுத்தால் எந்தப் பிரிவின் கீழ் என்று எழுதித் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் போதாவிட்டாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.