இளைஞர் கூட்டம்தானா சமூக வலைத்தளம்?

சமூக வலைத்தளம் இளைஞர்களின் இடம் என்ற எண்ணம் ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது. 2004 பிப்ரவரியில் ஃபேஸ்புக் தொடங்கியபோது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் மட்டுமே சேர முடிந்தது. 13 வயது நிரம்பிய எவரும் வரலாம் என்றானது 2006 செப்டம்பரில்தான். அந்த முதல் மாணவர்களுக்கே இப்போது வயது நாற்பதை ஒட்டி இருக்கும். எண்ணம் மட்டும் வயதாகாமல் அப்படியே நிற்கிறது.

அதற்கு ஒரு கணக்குக் குழப்பமும் காரணம். இளைஞர்களில் பெரும்பாலோர் வலைத்தளத்தில் இருக்கிறார்கள் என்பது வேறு. வலைத்தளத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பது வேறு. 1000 பேரில் 200 பேர் இளைஞர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 90 சதவீதம் பேர் பயன்படுத்தினால் 180 பேர். மீதி 800 பேரில் பாதிப் பேர்தான் பயன்படுத்துகிறார்கள் என்றாலும் 400 பேர் வந்துவிடுகிறார்கள். ஆக மொத்தம் 580 பேரில் இளைஞர்கள் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை! கருத்துக்கணிப்புகள் பெரும்பாலும் முதல் விகிதத்தைச் சொல்கின்றன. நாம் அதை இரண்டாவதாகப் படித்துவிடுகிறோம்.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2021-இல் கேட்டபோது, 65 வயதைத் தாண்டியவர்களிலும் 45 சதவீதம் பேர் ஏதாவது ஒரு சமூக வலைத்தளத்தைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். பதின்ம வயதினரோ ஃபேஸ்புக்கை விட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள்: 2014-15-இல் 71 சதவீதம், 2022-இல் 32.

அப்படியானால் பெரியவர்கள் ஏன் கண்ணில் படுவதில்லை? எழுதுபவர்கள்தான் தெரிவார்கள், படித்துவிட்டுப் போகிறவர்கள் தெரியமாட்டார்கள். 18 வயது நிரம்பிய அமெரிக்கர்களின் ட்விட்டர் பதிவுகளில் 80 சதவீதத்தை எழுதியது அவர்களில் வெறும் 10 சதவீதம் பேர்தான் என்று அதே மையம் 2019-இல் கண்டது. அந்தச் சிறு கூட்டத்தைப் பார்த்து எல்லோருடைய வயதையும் ஊகிப்பது வீண் வேலை.

சரி, தளங்களுக்காவது உண்மையான வயது தெரியுமா? அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் நாமே எழுதிக்கொடுத்த பிறந்த ஆண்டு. 13 என்ற எல்லை, குழந்தைகளின் தகவல்களைக் காக்க அமெரிக்கா 1998-இல் இயற்றிய சட்டத்தால் வந்தது. 10 வயதில் 13 என்று சொல்லி நுழைந்த பிள்ளை, 15 வயதிலேயே பதிவேட்டில் 18 ஆகிவிடும். அதனால்தான் தளங்கள் நடத்தையை வைத்தும் வயதைக் கணிக்கப் பார்க்கின்றன. பிறந்தநாள் வாழ்த்தில் நண்பர்கள் குறிப்பிடும் வயதையும் கவனிப்பதாக ஃபேஸ்புக் 2021-இல் சொன்னது.